வில்லோமோர் பேயும் மூன்றாவது லைனும்

புதன்கிழமைக் காலையில் அந்தப் பக்டரி பஸ்ஸில் புதிதாக ஏறுகிறவர், உள்ளே இருப்பவர்கள் ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். ஒருத்தி "ஐயோ பாவம்" என்பாள். இன்னொருத்தி "அவளுக்கு நல்லா வேணும்" என்பாள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். செத்தது யாரும் இல்லை. செவ்வாய் மாலை டிவியில் 'வில்லோமோர்' ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

வில்லோமோர் அமெரிக்காவில் எங்கோ இருப்பதாகச் சொல்லப்பட்ட ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடம். அதில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடத்தைத் தவிர மற்ற எல்லாத் தொல்லையும் உண்டு: காதல், முகப்பரு, பேய். வாரத்துக்கு ஒரு பேய் வரும். டெஸ்ஸா என்ற பெண் அது எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்கி விரட்டுவாள். நாடகம் ஆங்கிலத்தில் ஓடும், அடியில் மலாய் எழுத்து ஓடும். அதைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். பலருக்கு அது சோறு வடிக்கிற நேரம் வேறு. ஆகவே மறுநாள் காலை, படகுத்துறையில் புறப்பட்டு ஜெலுத்தோங் வழியாக பாயான் லெப்பாஸ் போகிற பஸ்ஸில், முழுக் கதையையும் ஒருத்தி ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு சற்குணத்துடையது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பினாங்குத் தீவில் பேய் இல்லை என்று சண்டை பிடிப்பதற்கு சற்குணத்தைப் போல இன்னொரு ஆள் கிடையாது.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். சற்குணம் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியதும் அவர் இறந்துபோக, தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு, புதிதாகத் திறந்த மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அந்தத் 'தற்காலிகம்' இருபது வருடத்தைத் தாண்டி, இப்போது மூன்றாவது லைனின் லைன் லீடராக நிற்கிறது. ஒரு காலத்தில் ஒரு டாக்டர் மாப்பிள்ளை வந்தார். அவர் வீட்டார் ஜாதகம் கேட்டார்கள். "டாக்டருக்கு எதுக்கு ஜாதகம்? ரத்தப் பரிசோதனை கேக்கச் சொல்லுங்க" என்றாள் சற்குணம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அதற்காக அவள் வருந்தியதாகவும் யாருக்கும் நினைவில்லை. நூலகத்திலிருந்து வாராவாரம் புத்தகம் எடுத்துவந்தாள். பத்திரிகை ஆசிரியருக்குக் கோபமாகக் கடிதம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை ஒரு நிமிடம் தவறாமல் வில்லோமோர் பார்த்தாள்.

"பேயே இல்லேங்கிற அக்காவுக்குப் பேய்க் கதைன்னா உசிரு" என்று அவளைச் சீண்டுவாள் ரோசம்மா. அதே லைனில் வேலை செய்பவள், வாயாடி, ஞாயிறு தவறாமல் கோயில் பூசைக்குப் போகும் கத்தோலிக்கப் பெண்.

"கதைப் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கு, ரோசம்மா. ஏன் வந்துச்சு, எப்படிப் போகும், எல்லாத்துக்கும் காரணம் சொல்லியாகணும். நீங்க பாக்குற பேய்க்குத்தான் ஒரு காரணமும் கிடையாது" என்பாள் சற்குணம்.

அந்தப் புதன்கிழமை சொன்ன கதை இது. பள்ளியில் பாட்டு வகுப்பு நடக்கிறது. மேரி-ஆன் என்ற புதிய பெண் திடீரென்று எழுந்து கத்துகிறாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வரிசையாகக் கத்தி விழுகிறார்கள். ஊரே மேரி-ஆனைச் சந்தேகிக்கிறது. பள்ளியை விட்டு அவளை நிறுத்துகிறார்கள். அத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

"அதான் எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் ரோசம்மா. "யாரு மொதல்ல கத்துறாளோ அவ மேலதான் அது குடியிருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் அவகிட்டேருந்து ஒட்டிக்கிறது. இல்லியாக்கா?"

பஸ் தொழிற்சாலை வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. சற்குணம் பையைத் தேடிக்கொண்டே, "கதைப்படி அப்படித்தான் போகுது போல" என்றாள். வாழ்க்கையில் பல நல்ல வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறாள். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து லைன் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தனலெட்சுமி எழுந்து நின்றாள். கையிலிருந்த, ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சோல்டர் கம்பி கீழே விழுந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல்; அப்படியே சரிந்தாள். பக்கத்தில் இருந்தவள் கத்தினாள். எதிரில் இருந்தவள் கத்தினாள். சற்று நேரத்தில் லைனில் பாதிப்பேர் தரையில் கிடந்தார்கள், மீதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

சற்குணம் தனலெட்சுமியைத் தோளில் சாய்த்து வாசலுக்கு இழுத்துப் போனாள். வெளிக்காற்றுப் பட்டதும் அவளுக்குத் தெளிந்துவிட்டது.

"என்ன செஞ்சுச்சு?"

"தலை கிர்ருன்னுச்சுக்கா. நெஞ்சு அடைச்சுச்சு. மூச்சு விட முடியல, அதான் கத்திட்டேன்." பிறகு பயந்துபோய்க் கேட்டாள்: "வேலை போயிருமாக்கா?"

பாகான் டாலாமிலிருந்து தினமும் கடல் தாண்டி வருகிறவள் அவள். வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு முறிந்த புருஷன் வீட்டில் படுத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் கையிலிருக்கும் சோல்டர் கம்பியின் சூட்டில்தான்.

சற்குணம் நேராக ஆனந்தராஜாவின் அறைக்குப் போனாள். அவன் ஊழியர் நிர்வாக அதிகாரி. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன், அவளைவிடப் பத்து வயது இளையவன். ஒரே கோயில், ஒரே சொந்த வட்டம் என்பதால் தனியறையில் அவளை 'அக்கா' என்பான்.

"புகை இழுக்கிற குழாய் அடைச்சுக்கிட்டு இருக்கு, தம்பி. எத்தனை தடவைதான் சொல்றது?"

"ஃபேன் ஓடுதுன்னு மெயின்டனன்ஸ்ல சொல்றாங்களே அக்கா."

"ஃபேன் ஓடும். காத்துப் போகாது. கையை வச்சுப் பாருங்க, தெரியும்."

"அதைக் கழட்டணும்னா லைனை நிறுத்தணும். சரக்கு கப்பலுக்குப் போகணும். மேனேஜர் விடமாட்டாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "சனிக்கிழமை காலைல ஏற்பாடு பண்ணியாச்சு. போமோ வர்றாரு. பூசாரியும் வர்றாரு. சர்ச்சிலேருந்து தீர்த்தமும் கொண்டாரச் சொல்லியிருக்கு."

"அதுக்கு லைனை நிறுத்தமாட்டீங்களா?"

"நிறுத்தித்தானே ஆகணும்?"

சற்குணம் அவனைப் பார்த்தாள். மலாய்ப் பெண்களுக்கு மலாய் மந்திரவாதி, இந்துக்களுக்குப் பூசாரி, கிறிஸ்தவர்களுக்குத் தீர்த்தம். பேயோட்டுவதில் மதச் சமத்துவத்தைக் கடைப்பிடிப்பதில் அந்த நிர்வாகத்துக்கு ஈடு கிடையாது. மூச்சுவிடக் காற்றுக் கேட்டால்தான் கப்பல் குறுக்கே வந்து நிற்கும்.

"இன்னொண்ணு" என்றான் ஆனந்தராஜா, மேசையைப் பார்த்தபடி. "தனலெட்சுமியைச் சனிக்கிழமையோட நிறுத்திடலாம்னு இருக்கோம். அவகூட உக்காரமாட்டோம்னு பிள்ளைங்க சொல்லுது. அவ மேலதான் வந்து உக்காந்திருக்காம்."

"யாரு சொன்னது?"

"நீங்கதானாமே? மொதல்ல கத்துறவதான்னு... பஸ்ஸுல நீங்களே ஒத்துக்கிட்டதா ரோசம்மா சொல்லிச்சு."

"அது டிவி நாடகம், தம்பி! கதை! நீங்க யூனிவர்சிட்டிக்குப் போய் நாலு வருசம் என்னத்தைப் படிச்சீங்க?"

"எனக்குத் தெரியும் அக்கா. எனக்கு என்ன நம்பிக்கையா? அவங்க நம்புறாங்க. நான் என்ன செய்ய?"

நம்புகிறவளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தான் நம்பாமலே, பிறர் நம்பிக்கையைக் காட்டி ஓர் ஏழையின் வேலையைப் பறிக்கிறவனை என்ன செய்வது? கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சாத்திய சத்தம் மூன்றாவது லைன் வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சற்குணம் ஜெலுத்தோங்கில் பஸ் ஏறியபோது தனலெட்சுமி முன்வரிசையில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு வரிசை காலி. அதற்குப் பின்னால் ஒரு இருக்கைக்கு மூன்று பேராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சற்குணம் தனலெட்சுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள்.

சோல்டர் உருகும்போது வரும் புகையில் என்ன இருக்கிறது, அது நுரையீரலை என்ன செய்யும், மூச்சு முட்டினால் மூளை எப்படிக் கலங்கும், ஒருத்தி கத்தினால் பயத்தில் மற்றவர்கள் ஏன் விழுகிறார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தைக் கேட்கிற மாதிரி.

"சரிக்கா" என்றாள் ரோசம்மா. "புகை எல்லாரு மூக்குக்கும்தானே போகுது? அப்புறம் அவளுக்கு மட்டும் ஏன் மொதல்ல வந்துச்சு?"

சற்குணம் பதில் சொல்ல வந்து நின்றாள். இந்த மூன்று நாளில் யாரும் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. எரிச்சல் என்னவென்றால், அதற்கு அவளிடம் பதில் இல்லை.

"மேரி-ஆன் மாதிரியேலா" என்றாள் நோர்மா. ஜெலுத்தோங்கில் தமிழர்களோடு வளர்ந்த மலாய்ப் பெண். மலாய் கலந்த தமிழ் பேசுவாள்; சற்குணம் அவளுக்கு 'காக்', அதாவது அக்கா. வில்லோமோர் ரசிகர்களில் சற்குணத்துக்கு அடுத்த இடம் அவளுக்குத்தான். "புதுசா வந்தவ. மொதல்ல கத்துனவ. சாமா சாமா, ரெண்டும் ஒண்ணுதான்."

"மேரி-ஆன், மேரி-ஆன்! அந்த மேரி-ஆனைத் தூக்கிக் கடல்ல போடு!" என்று கத்திய சற்குணம் பாதியில் நிறுத்தினாள். ஏதோ தட்டுப்பட்டது. "இரு. மேரி-ஆன்தான் மொதல்ல கத்துனாளா?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"பேர் போட்டதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் சொன்னேன். பேர் போடுறதுக்கு முன்னாடி ஒரு காட்சி வந்துச்சு. சின்னது. முக்கியமில்லேன்னு விட்டுட்டேன். நோர்மா, நீ பாத்தியா?"

நோர்மா நெற்றியைச் சுருக்கினாள். பிறகு குதித்தாள். "ஆமா காக்! மோப் வச்சிருந்த பாக்சிக்! கெழவரு! படியில எறங்குவாரு..."

"எங்கே?"

"கீழ. பாய்லர் இருக்கிற ரூம்ல. தலையைப் புடிச்சுக்கிட்டு விழுந்துருவாரு. அப்புறம் பாட்டு, பேரு."

"அப்போ மொதல் ஆளு மேரி-ஆன் இல்ல" என்றாள் சற்குணம்.

பஸ்ஸில் ஒரு சலசலப்பு எழுந்தது. பின்வரிசைகளிலிருந்து ஒவ்வொருத்தியாக முன்னால் நகர்ந்து வந்தார்கள். ரோசம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "கெழவரு வேற, மேரி-ஆன் வேற. அவருக்கும் பாட்டு வகுப்புக்கும் என்னா சம்பந்தம்?"

"பாட்டு ரூம் எங்கே இருக்கு? யோசிச்சுச் சொல்லு, நோர்மா."

"பாய்லர் ரூமுக்கு நேர் மேல!" நோர்மா கையைத் தட்டினாள். "டெஸ்ஸா படியேறிப் போனாளே, அதே படிதான்! அப்போ ஆளு மேல இல்ல காக், அந்த எடத்துலதான் இருக்கு!"

சற்குணத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நுரையீரலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினாள், ஒரு தலையும் அசையவில்லை. இல்லாத ஊரில் இல்லாத பாய்லரைப் பற்றிப் பேசினால் பஸ்ஸே நீதிமன்றமாகிவிடுகிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, எல்லாம் சரியாக நடக்கிறது! அறிவு இல்லாதவர்களா இவர்கள்? இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்த யாரும் இவர்களைக் கேட்டதில்லை.

அப்போது தனலெட்சுமி முதன்முறையாக வாயைத் திறந்தாள். "அக்கா, நான் விழுந்த எடம் என் எடம் இல்லியே. நான் எப்பவும் கடைசி நாற்காலில்ல? நேத்துதான் மாத்துனாங்க."

"யாரு மாத்துனது?"

நோர்மாவின் முகம் மாறியிருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் கேட்டேன், காக். அங்க உக்காந்தா எனக்குத் தலை சுத்துது. திங்கக்கெழமை வாந்தி எடுத்தேன். மீன் சேரலேன்னு பொய் சொல்லிட்டேன். அப்புறம் உங்களுக்குத் தெரியாம இவகிட்ட நாற்காலியை மாத்திக்கச் சொன்னேன்."

இப்போது பார்வைகள் நோர்மா பக்கம் திரும்பத் தொடங்கின. சற்குணம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நோர்மாவுக்கு முந்தி அந்த நாற்காலியில யாரு?"

"சலேஹா" என்றாள் ரோசம்மா. "தலைவலி தாங்கலேன்னு வேலையை விட்டுட்டுப் போச்சே..." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. ரோசம்மா நேர்மையானவள். கண்ணெதிரே ஒன்று தெரிந்துவிட்டால் தெரியவில்லை என்று சாதிக்கமாட்டாள். "அப்போ... மூணு பேருக்கும் அதே எடமா? அந்த நாற்காலிக்கு மேல என்னாக்கா இருக்கு?"

"நான் ரெண்டு வருசமா கத்திக்கிட்டு இருக்கிற குழாய்" என்றாள் சற்குணம்.

"அடக் கடவுளே!" ரோசம்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "குழாய்க்குள்ள இருக்கு!"

"பேய் இல்ல, ரோசம்மா. புகை!"

"சரிலா காக், பேய் இல்ல" என்று நோர்மா சமாதானப்படுத்தினாள். "ஆனா குழாய்க்குள்ளதான் இருக்கு."

ரோசம்மா எழுந்து முன்வரிசைக்கு வந்தாள். "தள்ளி உக்காரு, தனம்" என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பையிலிருந்து ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை, தேங்காய்ப்பால் சோற்றை, எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

அன்று மூன்றாவது லைனில் யாரும் உட்காரவில்லை. நின்றார்கள். குழாயைத் திறந்து பார்க்கும்வரை உட்காரமாட்டோம் என்றார்கள். ஆனந்தராஜா ஓடிவந்தான், மேனேஜரிடம் ஓடினான், திரும்பி வந்தான். சனிக்கிழமை காலை போமோ வந்தார். சாந்தமான, வயதான மனிதர். பெண்கள் எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவரும் மேலே பார்த்தார். வாசனை பிடித்தார், இருமினார். "மேலே ஏதோ இருக்கிறது, திறக்கச் சொல்லுங்கள்" என்று மலாயில் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அன்று தன் மூக்கைப் பயன்படுத்திய அதிகாரபூர்வமான மனிதர் அவர் ஒருவர்தான் என்பதைச் சற்குணம் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டாள்.

இரண்டு வருடமாகத் திறக்க முடியாத குழாய், பேய் இருக்கிறதென்றதும் தேநீர் வேளைக்குள் திறக்கப்பட்டது. உள்ளே தார் மாதிரிப் படிந்த பிசுக்கு. வளைவில் ஒரு புறாக் கூடு. கூட்டில் கறுத்துச் சுருங்கிய ஒரு செத்த புறா.

"பாத்தியா!" என்று லைன் முழுவதும் கூவியது.

"ஆமா, பாருங்க!" என்று சற்குணமும் கூவினாள். இரண்டு கூச்சலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

திங்கட்கிழமை புகை மேலே போனது. யாருக்கும் தலை சுற்றவில்லை. தனலெட்சுமியை நிறுத்துகிற பேச்சும் அத்தோடு நின்றது.

நின்றது என்றுதான் சற்குணம் நினைத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று இருக்கிறதே. அன்று மாலை நாற்காலி நுனியில் உட்கார்ந்து மீதிக் கதையைப் பார்த்தாள். கடைசியில் டெஸ்ஸா கண்டுபிடிக்கிறாள்: பேய் மேரி-ஆன் மேலேயேதான் இருந்ததாம். பாய்லரும் இல்லை, கிழவரும் இல்லை. அவர் ஏன் விழுந்தார் என்று யாரும் சொல்லவே இல்லை. சற்குணம் டிவியை அணைத்துவிட்டு, அந்த நாடகத்தை எழுதியவனை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினாள். முதல் காட்சியில் ஒரு ஆளைச் சாய்த்துவிட்டுக் காரணம் சொல்லாமல் போகிறவனெல்லாம் ஓர் எழுத்தாளனா?

மறுநாள் பஸ்ஸில் ஏறினாள். ரோசம்மாவின் முகத்தில் வெற்றியும் சங்கடமும் மாறி மாறி வந்தன. இரண்டொருத்தி தனலெட்சுமியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

தனலெட்சுமி தலையை நிமிர்த்தினாள். "என்னா பாக்குறீங்க? அது அமெரிக்கா பேய், ஆளு மேல ஏறும். நம்மளுது குழாய்ப் பேய். ரெண்டும் வேற கம்பெனி."

முதலில் சிரித்தவள் ரோசம்மா. பஸ் முழுவதும் சிரித்தது. சற்குணம் மட்டும் சிரிக்கவில்லை.

மாதக் கடைசியில் சற்குணம் மறுபடி ஆனந்தராஜாவின் அறையில் நின்றாள். தனலெட்சுமியும் நின்றாள். அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அன்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. குழாயை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும் என்றாள் சற்குணம்.

"அதான் கழுவியாச்சே அக்கா" என்றான் ஆனந்தராஜா. "மாசா மாசம் லைனை நிறுத்த முடியுமா?"

சற்குணம் புகையைப் பற்றித் தொடங்கினாள். அவன் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

தனலெட்சுமி பேனாவை மேசையில் வைத்தாள். குரலில் பயபக்தி சொட்டியது. "சார், போமோ போகும்போது எங்கிட்ட சொன்னாரு சார். மாசா மாசம் சுத்தம் பண்ணலேன்னா திரும்பி வருமாம். வந்தா மொதல்ல ஆபீஸ் பக்கம்தான் வருமாம்."

ஆனந்தராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். சற்குணத்துக்கு நன்றாகத் தெரியும், போமோ அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள். நாற்பத்து மூன்று வருடமாக ஒரு மூடநம்பிக்கையைக்கூட மறுக்காமல் விட்டதில்லை அந்த வாய். தனலெட்சுமி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். சற்குணம் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு உடம்பு வலிப்பதுபோல் வலித்தது.

"முதல் சனிக்கிழமை பண்ணிடலாம்" என்றான் ஆனந்தராஜா.

வெளியே வந்ததும் சற்குணம் பொரிந்து தள்ளினாள். "புகைன்னு உனக்கு நல்லாத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏண்டி?"

"எனக்குத் தெரிஞ்சு என்னாக்கா செய்ய? அவருக்கும்தான் தெரியும். தெரிஞ்சதுக்கு ஒண்ணும் செய்யல, பயந்ததுக்குச் செஞ்சாரு" என்று சொல்லிவிட்டு அவள் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ஏணி வந்தது. யாரோ அதன் காலடியில் ஒரு பூமாலையைச் சுற்றி, பத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். சற்குணம் பத்தியைக் காலால் அணைத்தாள். "இருக்கிற புகை பத்தாதா உங்களுக்கு?" என்று லைன் முழுவதும் கேட்கும்படி கத்தினாள். பிறகு ஏணிமேல் நின்றவனை அண்ணாந்து பார்த்து, "அந்த வளைவை விட்டுட்ட பாரு, அதையும் தொடைச்சிரு" என்றாள்.